ஒரே தெருவின் பல அட்டைகள்

பழைய பட அஞ்சலட்டைகளைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டைப் பார்த்து வாங்குகிறார்கள். அட்டை அபூர்வமானதாக இருக்க வேண்டும். பேனா மையோ தபால் முத்திரையோ படாமல் புதிதாகவும் இருக்க வேண்டும். விலையும் பெரும்பாலும் இவற்றை ஒட்டியே ஏறுகிறது. பல்கலைக்கழக நகரங்களின் பழைய தெருக்களைப் பொறுத்தவரை இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் கட்சி. எங்கும் மலிவாகக் கிடைக்கிற, யாரோ யாருக்கோ எழுதி அனுப்பிய, ஒரே தெருவை ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று எடுத்த அட்டைகள்தான் சேர்க்கத் தக்கவை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்து ஹை ஸ்ட்ரீட்டை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். நமக்கும் அந்த ஊர் முற்றிலும் அந்நியமல்ல. திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் அங்கே தமிழும் தெலுங்கும் கற்பித்தார், 1908இல் அங்கேயே காலமானார். பட அஞ்சலட்டையின் பொற்காலம் தொடங்கியது அவருடைய கடைசி ஆண்டுகளில்தான்.

அஞ்சலட்டையை முதலில் வெளியிட்ட நாடு ஆஸ்திரியா-ஹங்கேரி, ஆண்டு 1869. மறு ஆண்டே பிரிட்டன் பின்பற்றியது. அவை அரசு அச்சிட்ட வெற்று அட்டைகள். தனியார் அச்சிட்ட பட அட்டைகளுக்கு பிரிட்டிஷ் தபால் துறை 1894இல்தான் வழிவிட்டது. அப்போதும் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கே. சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். 1902இல் பின்பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரிக்க அனுமதி கிடைத்ததும் படம் முன்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அரை பென்னி தபால் செலவில் ஆண்டுக்கு 50 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் போய்வந்த காலம் அது. வாலண்டைன், ஃபிரித், டக் போன்ற பெரிய நிறுவனங்களும் ஹென்றி டான்ட் போன்ற உள்ளூர்ப் படக்காரர்களும் ஹை ஸ்ட்ரீட்டின் அதே வளைவைத் தேடிப் போனார்கள். குயின்ஸ் கல்லூரிப் பக்கமிருந்து மேற்கே பார்த்தால் வலப்புறம் ஆல் சோல்ஸ் கல்லூரியும் செயின்ட் மேரி தேவாலயக் கோபுரமும், இடப்புறம் யுனிவர்சிட்டி கல்லூரியும் ஒரே சட்டத்துக்குள் வரும். சேகரிப்பாளர்கள் சலித்துக்கொள்வது இந்த ஒரே காட்சியைத்தான். ஆனால் இந்தச் சலிப்பிலேதான் சரக்கு இருக்கிறது. காமிரா நகராமல் நிற்கும்போதுதான் தெரு நகர்வது தெரியும்.

என்ன நகர்ந்தது? அட்டைகளை வரிசையாகப் பரப்பினால் முதலில் கண்ணில் படுவது சாலை நடுவே ஓடும் தண்டவாளம். 1881 முதல் 1914 வரை அந்தத் தெருவில் குதிரை டிராம் ஓடியது. மின்சார டிராம் அங்கே வரவே இல்லை; மேலே கம்பி கட்டினால் தெருவின் அழகு கெடும் என்ற எதிர்ப்பு வலுவாக இருந்தது. செயின்ட் மேரி தேவாலயத்துக்கு நேர் எதிரே பாருங்கள். சில அட்டைகளில் வீட்டு வரிசை நிற்கும், சிலவற்றில் ஓரியல் கல்லூரியின் ரோட்ஸ் கட்டடம் நிற்கும். 1911இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. முகப்பில் நிற்கும் செசில் ரோட்ஸ் சிலையை அகற்றச் சொல்லி நம் காலத்தில் போராட்டம் நடந்ததே, அதே கட்டடம்தான். தெருவின் மேற்கு முனையான கார்ஃபாக்ஸில் செயின்ட் மார்ட்டின் தேவாலயம் சாலை விரிவாக்கத்துக்காக 1896இல் இடிக்கப்பட்டு, கோபுரம் மட்டும் தப்பியது. ஆக, மாறாத பழமை என்று விற்கப்பட்ட தெருவில் கல்லூரியே வீடுகளை இடித்திருக்கிறது, நகரம் தேவாலயத்தை இடித்திருக்கிறது. விற்றவர் இதைச் சொல்ல நினைக்கவில்லை. அட்டைகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று அமர்ந்ததும் தாமாகவே சொல்லிவிடுகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த அட்டைகள் கைபட்டவை, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு, ஊரையே பார்த்திராத அச்சகத்தார் வண்ணம் பூசினார்கள், வேண்டாததை அழித்தார்கள். எல்லாம் உண்மை. அட்டைகளில் கணிசமானவை ஜெர்மனியில் அச்சானவை. அங்கே இருந்தவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு வானம் என்ன நிறம் என்று எப்படித் தெரியும்? ஆனால் இந்த மறுப்பு ஒற்றை அட்டையைத்தான் வீழ்த்தும், தொகுப்பை அல்ல. ஒருவர் அழித்ததை இன்னொருவர் விட்டுவைத்திருப்பார். தபால் முத்திரையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ரோட்ஸ் கட்டடம் இல்லாத காட்சி 1912ஆம் ஆண்டு முத்திரையோடு வரலாம். பழைய பதிவை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் அச்சிட்டு விற்றவர்கள் அவர்கள். படம் இந்தத் தேதிக்குப் பிந்தையது அல்ல என்பதுதான் முத்திரை தரும் உறுதி. இவ்வளவு சிறிய உறுதியும் எழுதி அனுப்பாத அட்டையில் கிடையாதே!

டான்ட் எடுத்த படங்களே ஆவணக் காப்பகத்தில் இருக்கும்போது அட்டை எதற்கு என்றும் கேட்கலாம். காப்பகம் சொல்வது என்ன எடுக்கப்பட்டது என்பதை. எதை மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், எதன்மேல் ‘என் அறை இங்கே’ என்று பேனாவால் புள்ளி வைத்தார்கள் என்பதை எழுதிய அட்டைதான் சொல்லும். பிறர் கடிதத்தைப் படிப்பது முறையா என்ற தயக்கம் நியாயமானது. உறையில்லாத அட்டையைத் தபால்காரரும் படிப்பார் என்று தெரிந்தே எழுதினார்கள் என்பது பாதி பதில்தான். சேகரிப்பைப் பிறருக்குக் காட்டும்போது பெயரையும் முகவரியையும் மறைத்துக் காட்டலாம். தெருவின் வரலாற்றுக்கு அவை தேவைப்படுவதில்லை.

ஓர் இடத்தில் மட்டும் என் வாதம் தோற்கிறது. ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், எரிவாயு ஆலையை ஒட்டி, செயின்ட் எப்ஸ் என்ற உழைப்பாளர் பேட்டை இருந்தது. 1950களிலும் 60களிலும் அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, குடும்பங்கள் நகரத்தின் விளிம்பில் பிளாக்பேர்ட் லீஸ் போன்ற புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. கல்லூரிக் கோபுரம் தெரியாத சந்துகளை நினைவுப் பொருளாக விற்பது எளிதல்ல. அந்தச் சந்துகளில் ஒன்றைக் காட்டும் அட்டை கண்ணில் பட்டால், அபூர்வத்துக்காக அதிக விலை கேட்டாலும், கறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேரம் பேசாமல் வாங்கிவிட வேண்டும்.