தராசு யார் கையில்?

(மேற்குத் தாம்பரம் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

போன வாரம் இஷா தொழுகை முடிந்து தாம்பரம் ரயில் நிலையம் அருகே ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். நம் பிள்ளைகள் நாலைந்து பேர் காரசாரமாக வாதிட்டுக் கொண்டிருந்தார்கள். எல்லாக் காலத்துக்கும் சிறந்த குத்துச்சண்டை வீரர் யார்? ஒருவர் முஹம்மது அலி என்றார். இன்னொருவர் மைக் டைசன் என்றார். 49 சண்டையிலும் தோற்காத ராக்கி மார்சியானோதான் என்றார் மூன்றாமவர். கடைசியில் என்னிடமே கேட்டு விட்டார்கள்: "ஹஜ்ரத், அலி முஸ்லிம்! அவருக்குத்தானே முதலிடம்?"

"டைசனும் இஸ்லாத்தைத் தழுவியவர்தானே தம்பி, அப்போது என்ன செய்வாய்?" என்றேன். சிரித்து விட்டார்கள்.

சகோதரர்களே! நம்மவர் என்பதற்காக முதலிடம் கொடுப்பது நீதியாகுமா? ஆகாது! அலி தன் எதிராளி ஜோ பிரேசியரைக் கேவலமாக ஏசினார். பின்னாளில் அதற்காக வருந்தினார். அதையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும்.

ஆனால் மற்றவர்கள் பிடிக்கும் தராசையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1970இல் அலியையும் மார்சியானோவையும் கம்ப்யூட்டர் கணக்கில் மோத விட்டு ஒரு படம் காட்டினார்கள். அமெரிக்காவில் மார்சியானோ 13ஆவது சுற்றில் வென்றார். பிரிட்டனில் காட்டிய படத்தில் அலி வென்றார்! வீரர்கள் அதே இருவர். பார்ப்பவர் மாறியதும் முடிவு மாறி விட்டது.

வெறும் எண்ணிக்கையும் ஏமாற்றும். மார்சியானோ 1951இல் வீழ்த்திய ஜோ லூயிசுக்கு அப்போது வயது 37. அவரோ 1937 முதல் 25 முறை பட்டத்தைக் காத்தவர். அதற்கும் முன்னால், 1915இல் ஜாக் ஜான்சன் பட்டம் இழந்ததிலிருந்து 1937 வரை கனரகப் பட்டத்துக்கு மோத ஒரு கறுப்பருக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை. மேடையேற விடாதவனைப் பட்டியலில் தேடினால் கிடைப்பானா?

அலியின் கணக்கு என்ன? 61 சண்டை, 56 வெற்றி, 5 தோல்வி. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967இல், 25 வயதில், பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை ஆண்டுகள் மேடை மறுக்கப்பட்டது. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் போன வயதைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தால் முடியும்? அந்த ஐந்து தோல்விகளும் அவர் திரும்பி வந்த பிறகே நடந்தவை.

1980இல் அவர் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். இங்கிருந்து மின்சார ரயிலேறிப் போய்ப் பார்த்த பெரியவர் ஒருவர் இன்றும் கண் கலங்கச் சொல்கிறார். அப்போது அலிக்கு வயது 38. கடைசி இரண்டு தோல்விகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

வேறு வேறு காலத்து வீரர்களில் யார் யாரை வீழ்த்தியிருப்பார் என்பதை அல்லாஹ்வே அறிவான். நம்மால் கேட்க முடிந்தது வேறு: யாரோடு மோதினார்? எந்த வயதில் மோதினார்? யாருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது?

இளைஞர்களே! படிப்பிலோ வேலையிலோ எந்தப் பட்டியலை உங்கள் முன் நீட்டினாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நம்மவர் முதலிடம் பெற்ற பட்டியலானாலும் விடாமல் கேளுங்கள். அப்போதுதான் நம் கையிலுள்ள தராசு நேராக நிற்கும்.