பிள்ளை பெத்தவ மனசும் ஒரு புது மருந்தும்



கடன், வசூல் பேசித்தான் எனக்குப் பழக்கம். ஆனா இது என் வீட்டிலேயே நடந்ததால பேச வந்திருக்கேன்.

என் மகளுக்கு ரெண்டாவதும் பெண் பிறந்து பத்து, பன்னிரண்டு நாள் இருக்கும். குழந்தை அழுதாலும் சுவரையே பார்த்துக்கிட்டு இருந்தா. காத்துக் கருப்புன்னு திருநீறு போட்டோம். சோம்பேறின்னு நானே திட்டினேன். ஒரு ராத்திரி, “நான் இல்லாட்டி இதுகளைப் பார்த்துக்குவியாம்மா?”ன்னு கேட்டா. வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த என் கை நின்னு போச்சு. மறுநாளே நர்ஸம்மா சொல்லி மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்றார். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கிராமத்துத் தாய்மாரில் நூற்றுக்கு 11 பேருக்கு இது புதிதாக வந்திருந்தது. வருமானக் குறைவு, ஆண் பிள்ளை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனத்தாங்கல் எல்லாம் அதில் காரணமாகச் சொல்லப்பட்டிருக்கு. பெற்றவர்கள்னு கேட்டதும் எனக்குச் சுருக்குன்னுச்சு.

இப்போ புது மருந்து. கர்ப்பத்தில் ஏறுகிற அலோபிரெக்னனலோன் என்ற பொருள் பிரசவமானதும் சட்டென்று இறங்கிவிடுகிறது. அதையே மருந்தாக ஏற்றிப் பார்க்கலாமே என்று அமெரிக்காவில் ஆரம்பித்தார்கள். முதலில் நாலே பெண்கள். அடுத்து 21 பேர். 10 பேருக்கு மருந்து, 11 பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று அவங்களுக்கே தெரியாது. இப்படி ஒப்பிட்டால்தான் குணமானது மருந்தாலா, தானாகவா என்று தெரியும். 2019-இல் பிரெக்சனலோன் என்ற பெயரில் அங்கே அனுமதி கிடைத்தது. ஆனா 60 மணி நேரம் ட்ரிப்ஸ், ஆள் மயங்கிடலாம்னு கூடவே காவல், விலை பல லட்சமா இருந்துச்சு. நமக்கு எட்டியிருக்குமா?

2023-இல் சுரனலோன் என்ற மாத்திரை வந்தது. 14 நாள், ராத்திரிச் சாப்பாட்டோடு. பழைய மாத்திரைக்கு வாரக்கணக்கு ஆகும்; இதில் சில நாளிலேயே தெளிவு தெரிந்ததாம். தூக்கம் அமுக்கும், 12 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. ஆய்வில் பெண்களைக் கவனித்ததும் 45 நாள் வரைதான்.

என் மகள் சாப்பிட்டது பழைய மாத்திரைதான். பால் கொடுப்பதைச் சொல்லித்தான் வாங்கினோம். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒருநாள் அவளாவே குழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சா.

எங்க குழுவில் இப்போ பிள்ளை பெத்த வீட்டுக்கு ரெண்டு பேர் போறோம். குழந்தையைக் கொஞ்சுறதுக்கு முன்னாடி தாயை “தூங்குனியாம்மா?”ன்னு கேட்கிறோம். 14416 டெலிமானஸ் நம்பரைச் செல்லில் போட்டுக் கொடுக்கிறோம். இலவசம், ராத்திரியிலும் எடுப்பாங்க. நீங்களும் இப்பவே எழுதிக்குங்க.