மழை வந்தால் ஓடிய பிள்ளை
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நாங்கள் படித்த காலத்தில், வேறு தோட்டத்திலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளை இருந்தாள். தகரக் கூரையில் மழை சடசடத்தால் புத்தகத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவாள். தடுத்தால் கடிப்பாள். 'அடங்காப்பிடாரி' என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள்தான். பிரம்படியும் வாங்கினாள். ஒன்பதாம் ஆண்டோடு நின்றுவிட்டாள். பழைய லயத்தில் ஒரு மழை இரவில் மண் சரிந்து அவளது தம்பி இறந்தது எங்களுக்குப் பல வருடங்கள் கழித்தே தெரிந்தது. அன்றிரவு வெளியே ஓடியவர்கள்தான் பிழைத்தார்களாம்.

வைத்தியராகி கிளினிக்கில் உட்கார்ந்த பிறகு அவளை அடிக்கடி நினைக்கிறோம். பேராபத்தைக் கண்ட பிள்ளையின் மூளை, அதே சத்தமோ மணமோ வந்தால், யோசிக்கும் முன்பே உடம்பை உசுப்பிவிடும். சில பிள்ளைகள் ஓடுவார்கள், சிலர் அடிப்பார்கள், சிலர் கல்லாய்ச் சமைந்துபோவார்கள். அதைத் திமிர் என்று எண்ணி அடித்தால், ஆபத்து இன்னும் தீரவில்லை என்றே அந்த உடம்பு கற்றுக்கொள்கிறது.

2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியப் பக்கத்துத் தோட்ட லயத்தையும் மண் மூடியது. மறு வருடம் இரத்தினபுரியில் வெள்ளமும் மண்சரிவும். இவற்றோடு, தாய் வெளிநாட்டில், தகப்பன் குடியில் என்று வளரும் பிள்ளைகளும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

இதற்கு வழி நம் நாட்டிலேயே உண்டு. யுத்தகாலத்தில், 1996இல், மட்டக்களப்பில் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். 'நடந்ததைச் சொல்' என்று எவரும் நெருக்கவில்லை. பயமில்லாத இடமும், மாறாத முகங்களும், தன் விருப்பப்படி ஒன்றைச் செய்யும் உரிமையும் கிடைத்தன. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் 'மனவடு' என்ற சொல்லை நம் மொழியில் நிலைபெறச் செய்து, சமூகத்தோடு சேர்ந்தே அது ஆறும் என்று காட்டினார்கள்.

பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை அன்றே சொன்னது. பிரம்பை வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் ஆசிரியைக்கு வேறு வழியைக் கற்றுக்கொடுப்பதும் கடமை அல்லவா? "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பதற்குப் பதிலாக, பிள்ளை அமைதியான பிறகு, "என்னாச்சும்மா?" என்று கேட்கலாம். மணி அடிக்கும் முன் சொல்லிவைக்கலாம். மழை நாளில் கதவோரம் உட்கார விடலாம். கடித்தால் கடித்ததுதான், அதைத் திருத்தவே வேண்டும். ஆனால் அவமானப்படுத்தாமல் திருத்த வேண்டும். தீராத பிள்ளைகளை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் 1929க்கு அழையுங்கள்.

நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டப் பணம் சேர்க்கிறோம். கட்டுவோம். அதோடு ஒரு சிறிய அறையும், ஆசிரியைகளில் இருவருக்கு உளவளத்துணைப் பயிற்சியும் கேட்கிறோம். கொழும்பிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் சகோதரிகளே, வளைவின் கல்லில் உங்கள் பெயர் இருக்கும். அந்த அறையில் எவர் பெயரும் வேண்டாம். மழை பெய்யும்போது ஒரு பிள்ளை ஓடிவந்து உட்கார இடம் இருந்தால் போதும். எங்கள் வகுப்புத் தோழிக்கு நாங்கள் பட்ட கடன் அது.