கடிச்ச குட்டியும் காவல் காக்குது



ஒரு வியாழக்கிழமை, அய்யலூர் ஆட்டுச் சந்தை முடிஞ்சு வரும்போது, நாலுவழிச் சாலை ஓரத்துல அடிபட்டுக் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கினேன். வலி தாங்காம என் கையைக் கடிச்சிருச்சு.

"குட்டிதானே, மஞ்சள் பத்துப் போடு"ன்னாங்க. நான் கேக்கல. குழாயடியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துல எல்லா ஊசியும் போட்டுக்கிட்டேன். வெறிநோய் வந்துட்டா பிழைக்க வைக்க மருந்து கிடையாது.

குட்டிக்கு மாட்டாஸ்பத்திரியில கட்டுப் போட்டாங்க. சாக்கு விரிச்சு, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வச்சேன். மூணு மாச வயசுல அதுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாச்சு. இன்னிக்கு நொண்டிக்கிட்டே என் ஆட்டுப்பட்டியைக் காக்குது.

அடிபட்ட நாயை வெறுங்கையால தூக்காதீங்க. கனமான சாக்குல சுத்தித் தூக்குங்க. நாம போடுற காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்காதீங்க, அது நாய்க்கு விஷம். இரக்கம் வேணும், நம்ம உசுரும் வேணும்.