மலம்புழாப் பூங்கா: பழமையும் புதுமையும்

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"பழமையும் புதுமையும்" எனும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். பொருளோ பெரிது, நேரமோ சிறிது. ஆகவே நாமனைவரும் நன்கறிந்த ஓரிடத்தை எடுத்துக்கொண்டு இதனை ஆராய விழைகின்றோம். அவ்விடம் மலம்புழா அணைப் பூங்கா.

பாலக்காட்டுப் பக்கம் வாழும் நம் குடும்பங்களுள் அப்பூங்காவைக் காணாதார் அரியர். இடுக்கி மலைத்தோட்டங்களிலிருந்து உறவினர் வந்தால், நாம் அழைத்துச் செல்வதும் அங்கேதான். அவ்வணை எழுந்த காலத்தில் பாலக்காடு, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1949-இல் பணி தொடங்கிற்று. 1955-இல் முதலமைச்சர் காமராசர் அணையைத் திறந்து வைத்தார். மறு ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் பிறந்தது. நம்மை வரவேற்று வாழவைத்த இம்மண்ணுக்கும் நமக்கும் பொதுவான சொத்து அவ்வணை என்பது மிகையன்று.

இன்று அப்பூங்கா முதுமை எய்தியுள்ளது. அதனைப் புதுப்பிக்க, நடுவணரசின் சுதேச தரிசனத் திட்டத்தில் 2025-இல் ரூ. 75 கோடிக்கு மேல் ஒப்புதல் அளிக்கப்பெற்றது. "நாம் கண்டது கண்டபடியே இருக்கட்டும்" என்பர் முதியோர். "பழையன போகட்டும், புதிய விளையாட்டுகள் வரட்டும்" என்பர் இளையோர். எவர் கூற்று சரி?

கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் அங்குப் படைத்த யட்சி சிலையை எண்ணிப் பாருங்கள். ஆடையற்ற அவ்வுருவுக்கு அன்று எதிர்ப்பு எழுந்தது. இன்றோ, யட்சியில்லாத மலம்புழாவை நினைக்கவும் இயலவில்லை. பின்னர், சண்டிகர்ப் புகழ் நேக் சந்த், உடைந்த ஓடுகளையும் வளையல்களையும் கொண்டு பாறைப் பூங்கா அமைத்தார். தலைக்குமேல் ரோப்கார் ஓடலாயிற்று. நாம் இன்று பழமையென்று போற்றுவன யாவும் ஒருகாலத்தில் புதுமையாய் வந்தவையே. எனவே முதியோர் புதுமையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

இளையோர்க்கும் ஒன்று சொல்வோம். டென்மார்க்கின் தலைநகரில் 1843-இல் தோன்றிய டிவோலிப் பூங்கா இன்றும் இயங்குகின்றது. அங்கே 1914-இல் அமைத்த மரத்தாலான மலைப்பாதை வண்டியில், இன்றும் ஓர் ஊழியர் உடன் அமர்ந்து தடையை இயக்குகின்றார். அருகிலேயே புத்தம்புது ஊர்திகளும் சுழல்கின்றன. மாறாக, நம் தில்லியில் 1984-இல் திறந்த அப்பு கர், 2008-இல் மூடப்பெற்றது. அங்கு விளையாடிய குழந்தைகள் இன்று பெற்றோர். தம் மக்களுக்குக் காட்ட அவ்விடம் இல்லை.

ஆகவே நாம் கொள்ளத்தக்க அளவுகோல் இது: மனிதர் உடலைத் தாங்குவனவற்றில் பழமைப்பற்று வேண்டா, உள்ளத்தைத் தாங்குவனவற்றில் அவசரம் வேண்டா. கம்பி, திருகாணி, கைப்பிடி, படிக்கட்டு, கழிப்பிடம் ஆகியன தேய்ந்தால் உடனே மாற்றுக. துருப்பிடித்த இரும்பில் நம் நினைவு தங்கியிருக்கவில்லை. நிழல் மரங்களும், நீர்ப்பரப்பின் காட்சியும், யட்சியைச் சூழ்ந்த புல்வெளியும் அழிந்தாலோ, எத்தனை கோடி கொடுத்தும் மீளப்பெற இயலாது.

மற்றுமொன்று முதன்மையானது. புதுமை வரும்போது கட்டணமும் உடன் ஏறுவது வழக்கம். கூலி வேலை செய்யும் தந்தை, மனைவி மக்களோடு பெற்ற தாயையும் அழைத்துக்கொண்டு கவலையின்றி நுழையக்கூடிய இடமாக அப்பூங்கா நீடிக்க வேண்டும். வாயிலிலேயே ஒருவரை எண்ணிக் குறைக்கும் நிலை வந்தால், எத்துணை விளக்குகள் எரிந்தும் பயனில்லை.

நம் சங்கம் உரியவர்க்கு ஒரு விண்ணப்பம் அனுப்புமாறு வேண்டுகின்றோம். எளிய நுழைவுக் கட்டணம், முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் செல்லத்தக்க பாதை, மரங்களுக்குக் காப்பு, அணையின் வரலாற்றை மலையாளத்தோடு தமிழிலும் கூறும் பலகை ஆகிய நான்கும் அதில் இடம்பெறட்டும். கேட்பது நம் உரிமை. குப்பையிடாமல் காப்பது நம் கடமை.