தேயிலைப் பெட்டியும் லிவர்ப்பூல் இளைஞரும்

வட்டவளைப் பகுதியில் மழை ஓய்ந்திருக்கும் நாட்கள் குறைவு. அம்மழையில் தளிர்த்த கொழுந்து, தொழிற்சாலையில் வாட்டி, அரைத்து, உலர்த்தி, சலிக்கப்பட்டபின், உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டிகளில் அடைபட்டுப் புகைவண்டியேறிக் கொழும்புத் துறைமுகம் சேர்ந்த காலம் ஒன்றிருந்தது. இங்கிலாந்தின் கடைகளில் தேயிலை விற்றுத் தீர்ந்தபின் வெறும் பெட்டி மலிவாய்க் கிடைத்தது. இலங்கை, இந்தியத் தோட்டங்களிலிருந்து போன அத்தகைய பெட்டிகளுக்கும், உலகப் புகழ்பெற்ற பீற்றில்ஸ் இசைக்குழுவின் தொடக்கத்துக்கும் தொடர்புண்டு என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

1956ஆம் ஆண்டில் பிரித்தானிய இளைஞரிடையே ‘ஸ்கிபிள்’ என்னும் எளிய இசை பரவிற்று. கிற்றார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டி ஆகியவையே அதன் கருவிகள். பெட்டியைக் கவிழ்த்து, நடுவே துளையிட்டுக் கயிறொன்றை முடிந்து, அதன் மறுமுனையைத் துடைப்பக்கட்டையின் தலையில் கட்டுவர். கட்டையைப் பெட்டியின் விளிம்பில் நிறுத்திச் சாய்த்தால் கயிறு விறைத்துச் சுருதி உயரும், தளர்த்தினால் தாழும். மெல்லிய பலகை அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். தோலைத் தீயிற் காய்ச்சி விறைப்பேற்றித் தப்படிக்கும் தோட்டத்துக் கலைஞருக்கு இந்நுட்பம் புதிதன்று.

லிவர்ப்பூலில் பதினாறு வயது ஜோன் லெனன் பள்ளித் தோழருடன் அமைத்த ‘குவாரிமென்’ குழுவிலும் இப்பெட்டி இருந்தது. 1957 ஜூலை 6ஆம் நாள், புனித பேதுரு ஆலய விழாவொன்றில் அவர்கள் வாசித்தனர். அங்கே லெனனைச் சந்தித்த போல் மக்கார்ட்னிக்கு வயது பதினைந்து. மறு ஆண்டு சேர்ந்த ஜோர்ஜ் ஹரிசன், அவரினும் இளையவர். பஸ் சாரதி ஒருவரின் மகன்.

இவர்களது வெற்றியைத் தலைமுடிக்கும் அதிர்ஷ்டத்துக்கும் உரியதாக்குவோர் ஹம்பேர்க் நகரை மறந்துவிடுகின்றனர். 1960 ஓகஸ்டில் ஜேர்மனியின் அத்துறைமுகத்துக்குச் சென்ற குழு, மதுக்கூடங்களில் இரவுதோறும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வாசித்தது. உறங்கியது படமாளிகை ஒன்றின் பின்புறத்து இருட்டறையில். பதினெட்டு நிரம்பாதவர் இரவு விடுதியில் வாசித்தது குற்றமென்று நவம்பரில் ஹரிசனைத் திருப்பியனுப்பினர். ஆயினும் அவ்விரவுகளே அவர்களைத் தேர்ந்த கலைஞராக்கின.

1962 புத்தாண்டு நாளில் அவர்களைப் பரீட்சித்த டெக்கா இசைத்தட்டு நிறுவனம் வேண்டாமென்றது. அதே ஆண்டு றிங்கோ ஸ்ரார் மேளகாரராக இணைந்தார். ஒக்டோபர் 5இல் முதல் இசைத்தட்டு வேறொரு நிறுவனத்தின் மூலம் வெளிவந்தது. பின்னர் நிகழ்ந்தது வெள்ளம். 1964 பெப்ரவரி 9இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களைக் கண்டோர் ஏறத்தாழ 7 கோடி 30 இலட்சம். ஏப்ரலில் அந்நாட்டுப் பாடல் வரிசையின் முதல் ஐந்து இடங்களும் அவர்களுடையவையாயின.

அதற்குள் தேயிலைப் பெட்டி கைவிடப்பட்டு, மின்கிற்றார் வந்துவிட்டது. ஒன்றைமட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆலய விழாவில் அப்பெட்டி ஒலித்த 1957இல், பெட்டிகளை நிரப்பிய மலையகத் தொழிலாளருள் மிகப் பலர் 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமையற்றிருந்தனர். கவிழ்த்த பெட்டியில் தாளமிட்ட பிள்ளைகள் லயன்களிலும் இருந்தனர். அவர்களைக் கேட்க ஹம்பேர்க் ஏது, இசைத்தட்டு ஏது?

அவ்விழா நாளின் மாலையில் லெனனின் குழு வாசித்ததை ஒருவர் ஒலிநாடாவிற் பதிந்து வைத்தார். 1994இல் இலண்டன் ஏலத்தில் அந்நாடா 78,500 பவுணுக்கு விலைபோயிற்று.