தபாற் கணினியும் சொல்லப்படாத கட்டளைகளும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் வருவது அக்குறணை. வீதியின் இருமருங்கும் கடைகள் நெருங்கி நிற்கும் அவ்வூரின் தபாற்பெட்டியில் ஒருவர் ஒரு கடிதத்தை இடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். உறையின் மேல் பெறுபவரின் பெயரும் வீட்டின் பெயரும் உள்ளன; ஊர்ப்பெயர் மட்டும் இல்லை. அக்கடிதத்தை எடுக்கும் உத்தியோகத்தர் என்ன செய்வார்? ஊரைச் சொல்லாதவர் தம் ஊரையே கருதினார் என்று கொண்டு, அதனை அக்குறணைக் கடிதங்களோடு சேர்த்துவிடுவார். அவ்வாறு செய்யும்படி எவரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. செய்ய வேண்டாம் என்று எவரும் தடுக்கவும் இல்லை.

சொல்லப்படாத இடத்தில் தானே நடைமுறைக்கு வரும் இத்தகைய விதியைக் கணினித் துறையினர் ‘இயல்புநிலை அமைப்பு’ என்பர். மின்னஞ்சலைப் பெற்று அனுப்பும் கணினிகளில் இவ்விதிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஊர்ப்பெயரற்ற விலாசத்துக்குத் தன் ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கமும் அவற்றுள் ஒன்று. பாடசாலையோ வைத்தியசாலையோ கூட்டுறவுச் சங்கமோ தனக்கென ஒரு தபாற் கணினியை நிறுவும்போது, அதனை அமைப்பவர் பத்துப் பதினைந்து விதிகளை மாத்திரமே தம் கையால் எழுதுகின்றார். ஏனையவற்றை எழுதியவர் யார்? பல்லாண்டுகளுக்கு முன், வேறொரு தேசத்தில், வேறொரு தேவைக்காக அம்மென்பொருளை ஆக்கியவர்.

யுனிக்ஸ் என்னும் இயங்குமுறை 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் யுனிக்ஸ் கணினிகளுக்காக முதலில் டெலிவர்மெயில் என்ற தபால் மென்பொருளையும், பின்னர் 1983 இல் சென்ட்மெயில் என்பதையும் வெளியிட்டார். சென்ட்மெயிலின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தவர் எவரும் அதனை எளிதில் மறக்கமாட்டார். சொற்களிலும் பார்க்கக் குறியீடுகளே அங்கு மிகுதி. டொலர்க் குறியும் நட்சத்திரக் குறியும் வரிக்கு வரி நெருங்கி நிற்கும். ஆதலால் அதனை நிறுவிய பலர், வந்தது வந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டனர். அச்சம் காரணமாகத் தொடாமல் விடுவதும் ஒருவகைத் தெரிவே என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

அதன் விளைவை 1988 நவம்பர் 2 ஆந் திகதி உலகம் கண்டது. சென்ட்மெயிலில் பிழை தேடுவதற்கென்று ‘டிபக்’ என ஓர் ஆணை இருந்தது. அது திறந்திருக்கும்போது, ஒரு கடிதத்தை மனிதருக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஒரு நிரலுக்கு அனுப்பலாம்; அதாவது, தொலைவிலிருப்பவர் அக்கணினிக்குக் கட்டளையிடலாம். ஆக்கியோரின் மேசையில் இருந்திருக்க வேண்டிய அத்திறப்பு, விற்பனையாகிய கணினிகள் பலவற்றிலும் திறந்தபடியே சென்றது. கோர்னெல் பல்கலைக்கழக மாணவரான ரொபேட் மொறிஸ் எழுதி விட்ட ‘புழு’ என்னும் நிரல் நுழைந்த வழிகளுள் இதுவும் ஒன்று. ஏறக்குறைய 6,000 கணினிகள் தாக்குண்டன என அக்காலத்தில் மதிப்பிட்டனர். 1990 இல் நீதிமன்றம் அம்மாணவரைக் குற்றவாளியாகக் கண்டது. கதவைத் திறந்தபடி விற்றவர்களை அவ்வழக்கில் எவரும் விசாரிக்கவில்லை.

எனினும், எல்லா இயல்புநிலை விதிகளும் அலட்சியத்திற் பிறந்தவை என்று கருதுவது நியாயமாகாது. சில நல்லெண்ணத்திற் பிறந்தவை. இதனை விளங்கிக்கொள்ள இலங்கையின் வரலாறே போதும். 1990 ஆம் ஆண்டில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று நடத்திய முயற்சியால் இந்நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களிடையே மின்னஞ்சற் சேவை உருவாயிற்று. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தையும் இணைத்து நிற்கும் ‘லேர்ன்’ வலையமைப்பின் தொடக்கம் அதுவே. அந்நாளில் கம்பி எந்நேரமும் இணைந்திருக்கவில்லை. சேர்ந்த கடிதங்களைக் கட்டாக்கி வைத்து, தொலைபேசி அழைப்பின் மூலம் அடுத்த கணினிக்கு ஒருமிக்கக் கையளிப்பர். உலகெங்கும் அத்தகைய கணினிகள் தம்முடையனவல்லாத கடிதங்களையும் ஏற்று அடுத்த தங்குமிடத்துக்குக் கடத்தின. அயலவன் கடிதத்தைச் சுமப்பது அன்று அயலவனின் கடமை.

ஆகவே, எவரிடமிருந்து எவருக்கு வந்தாலும் ஏற்று அனுப்பு என்பதே சென்ட்மெயிலின் சொல்லப்படாத விதியாயிற்று. பின்னர் விளம்பரக்காரர் வந்தனர். பிறர் கணினியில் ஒரேயொரு கடிதத்தை இறக்கி, அதனைப் பல்லாயிரம் பேருக்கு அனுப்பும்படி செய்யலாம் என்று கண்டுகொண்டனர். வழிப்போக்கருக்கென வைத்த தண்ணீர்ப் பானையை வண்டி கொண்டுவந்து ஏற்றிச் சென்ற கதைதான். அவ்வாறு பயன்படுத்தப்பட்ட கணினியின் விலாசம் தடைப்பட்டியல்களில் ஏறும். அதன்பின் அந்நிறுவனத்தின் உண்மையான கடிதங்களையும் பிறர் வாங்க மறுப்பர். 1998 இல் வெளிவந்த சென்ட்மெயில் 8.9 ஆம் பதிப்பு இக்கதவை இயல்பாகவே மூடிவிட்டது. கடத்த விரும்புவோர் இன்னாருக்குக் கடத்துவேன் என்று பெயர் சொல்லித் திறக்க வேண்டியதாயிற்று.

அதே 1998 இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் வீட்ஸே வெனெமா என்பவர் ஆக்கிய போஸ்ட்பிக்ஸ் வெளிவந்தது. இன்று யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் அது பெருவழக்கு. அதில் போற்றத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. ‘போஸ்ட்கொன்ஃப்’ என்று தட்டி, சிறுகோட்டுடன் ‘என்’ என்னும் எழுத்தைச் சேர்த்தால், அமைத்தவர் தம் கையால் எழுதிய விதிகள் மட்டும் தோன்றும். ‘டி’ என்னும் எழுத்தைச் சேர்த்தாலோ, ஆக்கியோர் எழுதிவைத்த இயல்புநிலைகள் யாவும் வரிசையாக வரும். முதலாவது பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கும். இரண்டாவது பல பக்கங்களுக்கு நீளும். அந்நீண்ட பட்டியலை ஒரு தடவையாவது வாசியாதவர், தபாற் கணினியை அமைத்தேன் என்று சொல்வது சற்று மிகையான பேச்சே.

அப்பட்டியலில் சாதாரண மக்களை நேரே தொடும் விதிகள் சில உள்ளன. பெறுநரின் கணினி விடை தராவிட்டால், போஸ்ட்பிக்ஸ் கடிதத்தை 5 நாட்கள் வரை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். இது நல்லதே. ஆனால், கடிதம் தாமதிக்கின்றது என்று அனுப்பியவருக்கு அறிவிக்கும் விதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்த ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். முடிவுத் திகதிக்கு மூன்று நாள் முன்னதாக விண்ணப்பத்தை அனுப்பினாள். எதிர்ப்புறக் கணினி பழுதாகிக் கிடக்கின்றது. முதல் நாள் மௌனம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மௌனம். ஐந்தாம் நாள் கடிதம் திரும்பி வருகையில் முடிவுத் திகதி கடந்து இரண்டு நாளாகிவிட்டது. நான்கு மணித்தியாலம் தாமதித்தால் அறிவி என்று ஒரு வரி எழுதப்பட்டிருப்பின், அவள் அன்றே பேருந்தேறிக் கண்டிக்குச் சென்று நேரிற் கொடுத்திருப்பாள். அளவு பற்றிய விதியும் இத்தகையதே. 1,02,40,000 பைட்டுக்கு மேற்பட்ட கடிதத்தைப் போஸ்ட்பிக்ஸ் இயல்பாக ஏற்காது. இணைக்கும் கோப்பு வழியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பருப்பதால், 75 இலட்சம் பைட்டை எட்டும் கோப்பே தடுக்கப்படலாம்.

இனி, தமிழ் நேயர்கள் கருத்திற் கொள்ள வேண்டிய விஷயம். 2010 இல் ‘இலங்கை’ என்ற சொல்லே தமிழெழுத்தில் இணைய விலாசத்தின் இறுதிப் பெயராக ஏற்கப்பட்டது. 2012 இல், ஆங்கிலமல்லாத எழுத்துக்களில் அமைந்த மின்னஞ்சல் விலாசங்களைக் கடத்தும் முறை நியமமாக வகுக்கப்பட்டது. 2015 இல் போஸ்ட்பிக்ஸ் மூன்றாம் பதிப்பு அதனை ஏற்றது. ஆகவே அக்குறணை வியாபாரி ஒருவர் தம் பெயரைத் தமிழில் எழுதி, ஈற்றில் இலங்கை என்று முடியும் விலாசம் ஒன்றை வைத்துக்கொள்ள இன்று தடையில்லை. ஆயினும், பழைய அமைப்புக் கோப்பைத் தொடாமல் புதிய பதிப்பை மட்டும் ஏற்றிய கணினிகளில், பழைய இயல்புநிலையே தொடருமாறு ஆக்கியோர் வைத்துள்ளனர். பழகிய வேலை கெடாதிருக்க வேண்டும் என்ற எண்ணத்தால் அவ்வாறு செய்தனர். அக்கணினிகள் தமிழ் விலாசங்களைக் கடத்தும் அந்நியமத்தை நடைமுறைப்படுத்தமாட்டா. பழைய வழக்கத்துக்கு இணங்கிய இயல்புநிலை பயன்படுத்தப்படுகின்றது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, கணினி தன் வேலையைத் தொடரும். தமிழ்ப் பெயரை மறுத்தவர் என்று எவரையும் சுட்டிக்காட்ட இயலாது. ஒரு வரி மாற்றப்படவில்லை, அவ்வளவே. மொழி உரிமை பற்றி மேடைகளிற் பேசுவோர் இவ்வரியையும் ஒருகால் நோக்குவது நன்று.

அயலவர் பற்றிய விதியும் அந்த மூன்றாம் பதிப்பில் மாறியது. முன்னர், தன்னோடு ஒரே கிளை வலையில் இருக்கும் கணினிகள் யாவும் நம்பத்தக்கன என்று போஸ்ட்பிக்ஸ் கொண்டது. இப்போது தன்னை மட்டுமே நம்புகின்றது. வாடகைக்கு எடுத்த கணினியில் அடுத்த அறையில் இருப்பவர் யாரென்று தெரியாத காலத்துக்கு இதுவே ஏற்றது. பழைய கோப்பை வைத்திருப்போருக்கு இங்கும் பழைய நம்பிக்கையே தொடரும்.

இத்தனை விதிகளுக்கும் யாரிடம் முறையிடுவது? மின்னஞ்சல் நியமங்கள் அதற்கு 1982 ஆம் ஆண்டிலேயே வழி வகுத்தன. தபாலைக் கையாளும் ஒவ்வொரு நிலையத்திலும் ‘போஸ்ட்மாஸ்டர்’, அதாவது தபாலதிபர், என்ற பெயரில் ஒரு விலாசம் இருத்தல் வேண்டும் என்பது விதி. போஸ்ட்பிக்ஸுடன் வரும் மாற்றுப்பெயர்க் கோப்பில் தபாலதிபரின் கடிதங்கள் ‘ரூட்’ எனப்படும் மூலக் கணக்குக்குத் திருப்பப்பட்டிருக்கும். அக்கணக்கின் கடிதங்களை எந்த மனிதருக்கு அனுப்புவது என்னும் வரியோ, எழுதுவோருக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். எவரும் எழுதாவிட்டால், பிறநாட்டார் எழுதிய முறைப்பாடுகளும், கணினி தானே எழுதிய எச்சரிக்கைகளும் திறப்பாரற்ற ஒரு பெட்டியில் மாதக்கணக்காகக் குவியும்.

புதிதாகத் தபாற் கணினி அமைக்கும் பாடசாலையோ காரியாலயமோ வேறெதனையும் தொடுமுன் அவ்வரியில் உயிருள்ள ஒருவரின் விலாசத்தை எழுதட்டும். பின் ‘நியூஅலியாசஸ்’ என்ற கட்டளையைத் தட்டி, வெளியேயுள்ள வேறொரு சேவையிலிருந்து தபாலதிபருக்கு ஒரு கடிதம் அனுப்பி, அது அவர் கைக்கு வந்து சேருகின்றதா என்று பார்க்கட்டும்.